குறிப்பறிதலும் பிறர் வினையுணர்தலும்: கோலார் தங்கவயலை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒருவர் செய்யும் செயலை மற்றொருவர் எவ்வாறு விளங்கிக்கொள்கிறார் என்பது இன்று நரம்பியலாரின் வினாவாகக் கருதப்படுகிறது. தமிழ் மரபில் இவ்வினா இலக்கணத்துக்கும் அறநூலுக்கும் உரியதாக இருந்துவந்துள்ளது. தொல்காப்பியம் இதனை மெய்ப்பாட்டியலில் பேசுகிறது. திருக்குறள் ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்களை வகுத்துப் பேசுகிறது. பிறர் செயலை அறிந்துகொள்ளுதல் மூளையின் ஆற்றல் மட்டுமா, அன்றி மனிதன் மேற்கொள்ள வேண்டிய கடமையும் ஆகுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. கருநாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர் நூறாண்டுக்கும் மேலாக உழைத்த வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்குரிய களமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

தங்கவயலும் இருளில் வினையறிதலும்

ஜான் டெய்லர் நிறுவனம் 1880ஆம் ஆண்டு தங்கவயலில் கால்பதித்த பின்னர் வட ஆர்க்காடு, சேலம் உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து மக்கள் பெருந்திரளாக அங்குக் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய பகுதிகளில் தொழிலாளர் ‘லைன்’ வீடுகள் எழுந்தன. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் தங்கவயலை வந்தடைந்தது. சுரங்கங்கள் ஆண்டுதோறும் ஆழமாகிச் சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றன. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். மைசூர் அரசின் வசமும் பின்னர் மைய அரசின் வசமும் வந்த சுரங்கங்கள் 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பெயரில் இயங்கி, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.

நிலத்தடி வேலையில் ஒருவர் செய்வதை மற்றவர் அறிவது உயிர்காப்புக்கு இன்றியமையாதது. விளக்கொளி விழும் வட்டமே அங்குக் காட்சியின் எல்லை. அதற்கு அப்பால் நிகழ்வதைச் செவியே அறிய வேண்டும். துளையிடும் எந்திரங்கள் பரவுவதற்கு முன் சுரங்கங்களில் கையால் துளையிடுதலே வழக்கம். ஒருவர் துளைக்கம்பியைப் பிடித்திருக்க, மற்றொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் பிடித்திருப்பவர் கம்பியைச் சிறிது திருப்பிவைக்க வேண்டும். அடிப்பவரின் மூச்சும் தோளசைவும் அடுத்த அடி விழும் நேரத்தைப் பிடித்திருப்பவருக்கு முன்னரே உணர்த்திவிடும். அவ்வுணர்வு பிழைத்தால் கை நசுங்கும்.

மேற்பாறையின் உறுதியை இரும்புக்கம்பியால் தட்டிப் பார்த்து அறிவதும் சுரங்கத் தொழிலின் பொதுவழக்கு. கெட்டியான பாறை கணீரென ஒலிக்கும்; பிளவுண்ட பாறை பொத்தென ஒலிக்கும். சற்றுத் தொலைவில் நிற்பவருக்கு அவ்வொலி பாறையைப் பற்றிய செய்தியாவதோடு, தட்டுபவர் அடுத்து முன்னேறுவாரா பின்வாங்குவாரா என்பதையும் தெரிவிக்கும். அழுத்தம் மிகுந்த பாறை திடீரென வெடித்துச் சிதறும் இடர் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் எப்போதும் இருந்தது. ஆதலின் உடன் வேலை செய்பவர் கை நின்றுவிட்டால் தன் கையும் நிற்க வேண்டும் என்பது அங்குச் சொல்லாமலே விளங்கும் பாடம்.

கூண்டை ஏற்றி இறக்கும் எந்திரத்தை இயக்குபவருக்கும் கூண்டு கண்ணில் படுவதில்லை. மணியொலிகளின் எண்ணிக்கையைக் கொண்டே அவர் இயக்குகிறார். மணியொலி முன்கூட்டி உடன்பட்ட குறி. சம்மட்டி அடிப்பவரின் மூச்சோ யாரும் வகுத்துவைக்காத குறிப்பு. குறி கற்பிக்கப்படுவது, குறிப்பு உடனுழைப்பால் வாய்ப்பது. இவ்வேறுபாடு பின்வரும் ஆய்வுக்கு அடிப்படையாகும்.

நரம்பியல் காட்டும் வழி

இத்தாலி நாட்டுப் பார்மா பல்கலைக்கழகத்தில் ஜியாகோமோ ரிசோலாட்டி தலைமையிலான ஆய்வுக்குழு 1992இல் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டது. மக்காக் குரங்கின் மூளையில், இயக்கத்தைத் திட்டமிடும் முன்பகுதியில் உள்ள சில நரம்பணுக்கள் அக்குரங்கு தானே ஒரு பொருளைப் பற்றும்போது தூண்டப்பட்டன. வேறொருவர் அவ்வாறே பற்றுவதை அது காணும்போதும் தூண்டப்பட்டன. 1996 முதல் இவை ‘கண்ணாடி நரம்பணுக்கள்’ என வழங்கப்படலாயின. 2001இல் வெளியான ஆய்வு, பற்றும் செயலின் இறுதிப்பகுதி திரையால் மறைக்கப்பட்டபோதும், திரைக்குப் பின்னே பொருள் இருப்பதைக் குரங்கு அறிந்திருந்தால் இவற்றுள் சில தூண்டப்படுவதைக் காட்டியது. 2002இல் வெளியான ஆய்வு, நிலக்கடலையை உடைக்கும் ஒலி போன்ற செயலொலிகளைக் கேட்ட அளவிலேயே சில நரம்பணுக்கள் தூண்டப்படுவதைக் காட்டியது. இருளில் ஒலிகொண்டு செயலறிந்த சுரங்கத் தொழிலாளரின் திறத்தோடு இம்முடிவுகளை ஒப்பவைத்துக் காணலாம்.

தானே செய்து பழகிய செயலைக் காணும்போது மூளை கூடுதலாக ஒத்திசைகிறது என்பதும் ஆராயப்பட்டுள்ளது. 2005இல் இலண்டனில் நடைபெற்ற படப்பதிவு ஆய்வில், பாலே நடனக் கலைஞரின் மூளையில் பாலே அசைவுகளும், பிரேசில் நாட்டுக் கப்போயிரா கலைஞரின் மூளையில் கப்போயிரா அசைவுகளும் வலுவான தூண்டலை ஏற்படுத்தின. 2006இல் அக்குழுவினர் பாலேயில் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனியே உரிய அசைவுகளை எடுத்துக்கொண்டனர். இருபாலரும் மற்றவரின் அசைவுகளை நாள்தோறும் கண்டு பழகியவர்கள். எனினும் தாம் ஆடிப் பழகிய அசைவுகளுக்கே அவர்தம் மூளையின் இயக்கப்பகுதிகள் மிகுதியாகத் தூண்டப்பட்டன. கண்டு பழகுதல் வேறு, செய்து பழகுதல் வேறு என்பது இதனால் புலனாகிறது.

தமிழகத்தில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததைக் கண்ணாடி நரம்பணுக்கள் உளவியலுக்குச் செய்யும் என 2000ஆம் ஆண்டில் கருத்துரைத்தார். இவ்வெதிர்பார்ப்புக்கு மறுப்பும் எழுந்தது. இந்நரம்பணுக்கள் செயலைப் ‘புரிந்துகொள்கின்றன’ என்பதற்குச் சான்று போதாது என்று கிரெகரி ஹிக்காக் 2009இல் கட்டுரையாகவும் 2014இல் நூலாகவும் வாதிட்டார். பிறர் எண்ணத்தை ஊகிக்கும்போது மூளையின் பொட்டு, சுவர் மடல்கள் சந்திக்கும் பகுதி உள்ளிட்ட வேறு பகுதிகள் இயங்குவதும் அறியப்பட்டுள்ளது. கை என்ன செய்கிறது என்பதை உணர உடலின் ஒத்திசைவு துணைபுரியலாம். ஏன் செய்கிறது என்பதை அறியச் சூழலையும் ஆளையும் பற்றிய அறிவு வேண்டும் என்பதே இவ்விவாதங்களிலிருந்து பெறத்தக்க நிதானமான முடிவு எனலாம்.

மெய்ப்பாட்டியலின் இரு நிலைகள்

பண்டைய இலக்கணத்தார் நரம்பியலை முன்னரே அறிந்திருந்தனர் எனக் கூறுவது ஆய்வு நெறியாகாது. அவர்கள் எழுப்பிய வினா வேறு. கையாண்ட முறையும் வேறு. எனினும் அவர்கள் தெளிவுபடுத்திய இரு நிலைகள் இன்றைய விவாதத்தைக் கூர்மைப்படுத்த உதவும்.

உள்ளத்தில் நிகழ்ந்தது நிகழ்ந்தவாறே புறத்தாருக்குப் புலப்படுதலே மெய்ப்பாடு என்பது பேராசிரியர் தரும் விளக்கத்தின் சாரம். செய்வோன் செய்தது காண்போரைச் சென்றடைதலே மெய்ப்பாடு எனச் செயிற்றியம் கூறுவதை இளம்பூரணர் எடுத்துக்காட்டுகிறார். இது முதல் நிலை. இங்குச் செயல் தானே பயணம் செய்து காண்பவரை அடைகிறது. இரண்டாம் நிலையை மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா உணர்த்துகிறது. கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரவல்லார்க்கு அன்றிப் பிறர்க்கு மெய்ப்பாட்டின் பொருள் எளிதில் எட்டாது என்பது அதன் கருத்து. காண்பவர் தகுதியுடையவராக இல்லாவிடில் செயல் அவரை வந்தடைந்தும் பொருள்படுவதில்லை. கண்ணோடு செவியையும் இந்நூற்பா சேர்த்துரைப்பது கருதத்தக்கது. முதல் நிலை பிறர் வினையுணர்தலை இயல்பாக நிகழ்வதாகக் காட்டுகிறது. இரண்டாம் நிலை அதனை முயன்று பெறும் தகுதியாக்குகிறது. தகுதி என்றவுடன் பொறுப்பும் உடன்வருகிறது.

இரு குறிப்பறிதல்கள்

திருக்குறளில் 71ஆம் அதிகாரமும் 110ஆம் அதிகாரமும் குறிப்பறிதல் என்னும் பெயரே கொண்டவை. பொருட்பாலில் அமைந்த முன்னது ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ என்னும் அதிகாரத்தை அடுத்து வருகிறது. அரசன் வாய்திறந்து சொல்லாததை அவன் முகங்கண்டு அமைச்சன் அறிய வேண்டும் என்பதே அங்குக் கருத்து. காமத்துப்பாலில் அமைந்த பின்னதில் தலைவனும் தலைவியும் ஒருவர் பார்வையை மற்றவர் அறிகின்றனர். முன்னதில் அறிதல் கீழிருந்து மேல் நோக்கிச் செல்கிறது. அமைச்சனின் முகக்குறிப்பை அரசன் அறிய வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. பின்னதில் அறிதல் இருவழிப்பட்டது; ஒருவர் அறியத் தவறினால் இருவரும் இழப்பர்.

தங்கவயலின் நிலத்தடியில் இவ்விருவகையும் ஒருங்கே நிலவியிருக்க வேண்டும். சம்மட்டி அடிப்பவரும் கம்பி பிடிப்பவரும் ஒருவரை ஒருவர் அறிந்தனர். ஒருவர் உயிர் மற்றவர் கையில் இருந்தமையால் அவ்வறிதல் இருவழிப்பட்டதாயிற்று. மேலாளரின் முகத்தைத் தொழிலாளர் அறிய வேண்டியிருந்தது. அவர்தம் கூலியும் வேலையும் அதில் அடங்கியிருந்தன. தொழிலாளரின் முகத்தை அறியாமலேயே மேலாளரால் காலம் கழிக்க முடியும். அதிகாரம் உடையவருக்குப் பிறரை உணரும் மூளை இல்லாமற் போவதில்லை. உணர்ந்தாக வேண்டிய தேவையே இல்லாமற் போகிறது. இவ்வேறுபாட்டை நரம்பணுக்களை மட்டும் கொண்டு விளக்க இயலாது.

பிறழ வாசிக்கப்பட்ட உடல்

2005இல் வெளியான பார்மா ஆய்வு ஒன்று, பொருளைப் பற்றும் ஒரே அசைவு உண்பதற்காக நிகழும்போதும் கலத்தில் இடுவதற்காக நிகழும்போதும் வெவ்வேறு நரம்பணுக்கள் மிகுதியாகத் தூண்டப்படுவதைக் காட்டியது. அசைவு ஒன்றே, நோக்கம் வேறு. நோக்கத்தைப் பிரித்தறியச் சூழல் துணைசெய்கிறது. காண்பவர் தம் உள்ளத்தில் முன்னரே ஒரு சூழலை வகுத்து வைத்திருந்தால் என்னாகும்?

தங்கச் சுரங்கத்திலிருந்து வெளியேறும் தொழிலாளர் உடற்சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். அங்கு ஒருவர் தலைத்துண்டுக்குள் கையை விடுகிறார் எனக் கொள்வோம். உடன் வேலை செய்தவர் அதனை வியர்வை துடைக்கும் கை என அறிவார். காவலர் பொன்துகளை ஒளிக்கும் கை என ஐயுறுவார். இருவர் கண்ணிலும் விழுந்த அசைவு ஒன்றே. ஐயம் முன்னரே குடியிருக்கும் இடத்தில் கை வந்து சான்றாகிவிடுகிறது.

இதனினும் கொடிய பிறழ்வுக்கு இடமளித்தது நோய். பாறைத்தூளைச் சுவாசிப்பதால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் நோய் தங்கவயல் தொழிலாளரிடையே பரவியிருந்தமை 1940களிலேயே மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. இந்நோய் மெல்ல முற்றுவது. முதலில் மூச்சு வாங்கும். பின்னர் நடை தளரும். சம்மட்டி எழும் வேகம் குறையும். மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுக்கு அப்பால் தொகுத்துரைக்கும் 32இல் மடிமை, உயிர்ப்பு, கையாறு, வியர்த்தல் ஆகியன இடம்பெறுகின்றன. தளர்ந்த ஒரு கையைக் காண்பவர் அதனை மடிமை என்றும் கொள்ளலாம். உயிர்ப்பு, கையாறு என்றும் கொள்ளலாம். மடிமை எனக் கொண்டால் கூலி குறையும். கையாறு எனக் கொண்டால் மருத்துவம் கிட்டும். மெய்ப்பாட்டை வாசித்தலில் ஓர் உயிரின் கதி அடங்கியிருப்பதை இச்சூழல் காட்டுகிறது. பட்டியலில் எந்தச் சொல்லைத் தேர்வது என்பது இலக்கண வினாவாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

1930இல் தொழிலாளரின் கைரேகைகளைப் பதிவுசெய்யும் ஏற்பாட்டை எதிர்த்துத் தங்கவயலில் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். எனினும் இக்கட்டுரையின் நோக்கில் அந்நிகழ்வு தனிப்பொருள் பெறுகிறது. கைரேகை ஒருவர் யார் என்பதை மட்டும் கூறும். அக்கை என்ன செய்தது, என்ன செய்ய வல்லது என்பதைக் கூறாது. செயலால் அறியப்பட வேண்டிய கை அடையாளத்தால் மட்டும் அறியப்படும்போது, மனிதர் வினைமுதல் என்னும் நிலையிலிருந்து பதிவேட்டுப் பொருள் என்னும் நிலைக்கு இறங்குகிறார்.

கனடாவில் நடைபெற்று 2010இல் வெளியான மின்னலைப் பதிவு ஆய்வும் இங்குக் கருதத்தக்கது. வேற்றினத்தார் செய்யும் எளிய செயலைக் காணும்போது பங்கேற்றவர்களின் மூளை ஒத்திசைவு குறைந்திருந்தது. முன்முடிவு மிகுந்தவரிடம் அக்குறைவும் மிகுந்திருந்தது. சாதியும் நிறமும் ஆட்சியும் மக்களைப் பிரித்து நிறுத்திய தங்கவயலுக்கு இம்முடிவை அப்படியே பொருத்திவிட இயலாது. எனினும் பிறரை அறியும் ஆற்றல் சமூக வேலிகளுக்கு முன் தடுமாறும் என்பதற்கு அது ஒரு குறிப்பாகும்.

‘செய்தவரே அறிவார்’ என்னும் வாதம்

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒரு முடிவை எளிதில் வருவித்துவிடலாம். சம்மட்டி பிடித்தவரே சம்மட்டி பிடித்தவரை அறிவார். நிலத்தடியில் இறங்காதவருக்கு அவ்வறிவு வாய்க்காது என்பதே அம்முடிவு. உழைப்பவரின் அனுபவத்துக்கு உரிய மதிப்பைத் தருவதால் இது அறச்சார்புடைய கூற்றாகவும் தோன்றுகிறது. ஆயினும் இதனுள் ஓர் இடர் உள்ளது. செய்தவரே அறிவார் எனில், செய்யாத மேலாளர் அறியாமற் போனது அவர் குற்றமாகாது. தம் மூளைக்கு அவ்வாற்றல் இல்லை எனக் கூறி அவர் விலகிக்கொள்ளலாம். உழைப்பவரை உயர்த்தக் கூறிய சொல் உழைப்பை உறிஞ்சியவருக்கு விடுதலைப் பத்திரமாகிவிடும்.

இவ்விடத்தில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு உதவுகிறது. வான்னஸ்கோர்ப்ஸ், காரமாசா ஆகியோர் பிறவியிலேயே கைகள் இல்லாத ஐவரை ஆராய்ந்தனர். ஒருபோதும் கையால் எதையும் பற்றியிராத அவர்கள், பிறர் கையால் செய்யும் செயல்களை மற்றவரைப் போலவே இனங்கண்டு விளங்கிக்கொண்டனர். ஆகவே பிறர் வினையை அறியத் தான் அவ்வினையைச் செய்திருக்க வேண்டும் என்பது கட்டாயமன்று. செய்தவருக்கு அவ்வறிவு விரைவாகவும் உடலளவிலும் வாய்க்கலாம். செய்யாதவர் கண்டும் கேட்டும் கற்றும் அதனை அடையலாம். அறிய வழி உண்டு எனில் அறியாமை இயலாமை ஆகாது. பெரும்பாலும் அது புறக்கணிப்பே ஆகும். மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா உணர்வதற்குரிய தகுதியைக் கண்ணிலும் செவியிலும் வைத்தது. அதே செயலைச் செய்திருக்க வேண்டும் என விதிக்கவில்லை.

உணர்தலும் போற்றுதலும்

அறிந்துவிட்டால் அறம் நிறைவடையுமா என்பது எஞ்சும் வினா. 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிறர் உடலில் ஊசி குத்தப்படுவதைக் கண்டபோது பொதுமக்களின் மூளையில் வலியோடு தொடர்புடைய பகுதிகள் தூண்டப்பட்டன. அக்குபஞ்சர் மருத்துவர்களின் மூளையில் அத்தூண்டல் காணப்படவில்லை. அம்மருத்துவர்கள் கொடியவர்கள் என்பது இதன் பொருளன்று. பிறர் வலியோடு நடுங்காமலேயே அவ்வலியைத் தீர்க்க அவர்கள் பயின்றுள்ளனர். மறுதலையாக, பிறர் வலியைக் கண்டு நடுங்கியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடவும் கூடும். ஒத்திசைவு இருந்தும் அறம் நிகழாமற் போகலாம். ஒத்திசைவு குறைந்தும் அறம் நிகழலாம்.

பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் பேணாவிடில் அறிவினால் பயன் இல்லை என்று வள்ளுவர் இன்னாசெய்யாமை அதிகாரத்தில் கூறுகிறார். அங்கு அவர் ஆளும் வினை ‘போற்றுதல்’ என்பது ஊன்றி நோக்கத்தக்கது. பிறர் நோயைத் தன் நோய்போல் உணர்தல் என்று கூறி அவர் நிறுத்தியிருக்கலாம். உணர்தல் உள்ளத்தில் நிகழ்ந்து அங்கேயே அடங்கிவிடக்கூடியது. போற்றுதலோ காத்தல் என்னும் செயலாக வெளிப்பட வேண்டியது. நரம்பியல் விளக்க முற்படுவது உணர்தலை. வள்ளுவர் அறிவுக்குப் பயனாக வைப்பது போற்றுதலை. முன்னதிலிருந்து பின்னது தானாக விளைவதில்லை. இடையில் ஒரு முடிவு எடுக்கப்பட வேண்டும். அம்முடிவுக்கு உரியவர் மனிதரே.

முடிவுரை

பிறர் வினையை உணரும் ஆற்றல் உடனுழைப்பில் கூர்மை பெறுகிறது என்பதை இருளில் செவியால் ஒருவரை ஒருவர் காத்துக்கொண்ட சுரங்கத் தொழிலாளர் வாழ்வு காட்டுகிறது. அவ்வாற்றல் அதிகாரத்தின் முன்னும் ஐயத்தின் முன்னும் பிறழும் என்பதை உடற்சோதனையும் தளர்ந்த கையும் காட்டுகின்றன. உடனுழைக்காதவரும் கற்று அறிய முடியும் ஆதலின் அறியாமை அவர்க்கு அரணாகாது. அறிந்த பின்னும் போற்றுதல் நிகழ்ந்தாலன்றி அறம் நிறைவடையாது.

சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர்த் தங்கவயல் மக்கள் பலர் வேலை தேடி நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்குச் சென்று திரும்பலாயினர். நிலத்தடியில் இறங்கியறியாத தலைமுறை ஒன்று அங்கு வளர்ந்துவிட்டது. தாத்தாவின் மூச்சிரைப்புக்கும் ஊரின் நடுவே எழுந்து நிற்கும் சயனைடுக் கழிவு மேடுகளுக்கும் உள்ள தொடர்பை அத்தலைமுறையின் மூளை தானே ஒத்திசைந்து அறியப்போவதில்லை. அதனை அவர்க்கு எடுத்துரைக்க வேண்டும். சம்மட்டியும் துளைக்கம்பியும் பிடித்த கைகள் குறைந்துவரும் இந்நாளில், அக்கைகள் செய்தவற்றையும் அவற்றைச் செய்தவர் சொற்களையும் கேட்டுப் பதிவுசெய்தல் தமிழாய்வுக்கு உரிய பணியாகும். கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணர்வோர்க்கே மெய்ப்பாடு விளங்கும் என்னும் இலக்கணம் ஆய்வாளருக்கும் பொருந்தும்.